ஆள் சரியில்லை என்று சொல்வதற்கு முன்

வேலையிடத்தில் ஏதாவது கெட்டுப்போனால், "இப்பல்லாம் நல்ல ஆளே கிடைக்கிறதில்லை" என்று சொல்லிவிடுகிறோம். பல தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் உண்டு. வந்தவர்களிலும் சிலர் குடித்துவிட்டு வேலை பார்த்தார்கள். 1982-ல் ஆலையை மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து, அதே கட்டடத்தில் 'நம்மி' என்ற பெயரில் மறுபடி திறந்தன. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்கள்தான். தொழிற்சங்கமும் அதேதான். ஆனால் சீக்கிரத்திலேயே வேலைக்கு வராதவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். காரின் தரம் ஜப்பான் ஆலைகளின் தரத்தை நெருங்கியது.

அப்படி என்ன மாறியது? முன்பு, கார்கள் வரிசையாக நகர்ந்தபடியே தயாராகும் லைனை நிறுத்துவது பெருங்குற்றம். பழுது கண்ணில் பட்டாலும் கார் அப்படியே நகர்ந்து போகும். நம்மியில் தொழிலாளியின் தலைக்கு மேலே ஒரு கயிறு. பிரச்சினை என்றால் அவர் அதை இழுக்கலாம். குழுத்தலைவர் உடனே வந்து கைகொடுப்பார், அப்போதும் சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும். 1980-களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோது யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல் பயிற்சி கொடுத்தார்கள். கயிற்றைவிட இதுதான் பெரிது என்று நான் நினைக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் யாருடைய கை கயிற்றுக்குப் போகும்?

அடுத்த தவறு, கயிற்றை மட்டும் வாங்கி மாட்டுவது. ஜெனரல் மோட்டார்ஸ் அதைத்தான் செய்தது. தன் வான் நைஸ் ஆலைக்கு இதே முறையைக் கொண்டுபோனது. ஆனால் மேற்பார்வையாளர்களுக்கு இத்தனை கார் வெளியே போயாக வேண்டும் என்ற பழைய கணக்கு மாறவில்லை. யாராவது கயிற்றை இழுத்தால் அவர்களுக்குக் கோபம் வந்தது. 1992-ல் அந்த ஆலையும் மூடப்பட்டது. நம் அலுவலகங்களில் வைக்கும் ஆலோசனைப் பெட்டிக்கும் பல நேரம் இதே கதிதான். பெட்டி இருக்கும், அதில் எழுதிப் போட்டவர் யார் என்று விசாரணையும் நடக்கும்.

இலக்கை எட்டினால் போதும், எப்படி எட்டினார்கள் என்று கேட்க வேண்டாம் என்று விடுவது இன்னொன்று. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்கோ சேவையோ விற்க வேண்டும் என்று ஊழியர்களை விரட்டியது. எண்ணிக்கை குறைந்தால் மேலிருந்து கேள்வி வரும். சாதாரணக் கிளை ஊழியர்கள், வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குத் திறக்க ஆரம்பித்தார்கள். 2016-ல் விஷயம் வெடித்தபோது, அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் சுமார் 5,300 பேரை வங்கி வேலையைவிட்டு நீக்கியிருந்தது தெரிந்தது. ஒரே தப்பை 5,300 பேர் செய்திருந்தால், ஆளைவிட இலக்கைத்தானே முதலில் பார்த்திருக்க வேண்டும்? தலைவர் பதவி விலகியது அதே வருடம் அக்டோபரில்தான்.

சுவரில் எழுதி மாட்டும் 'நேர்மை', 'குழு உணர்வு' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போன முறை யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்று பார்த்துத்தான் ஊழியர்கள் நடந்துகொள்கிறார்கள்.

கடைசியாக, அமைதியை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடந்த ஆறு மாதத்தில் யாராவது தானாக வந்து, "சார், இது என்னால தப்பாப் போயிருச்சு" என்று உங்களிடம் சொன்னார்களா? ஒருவர்கூட இல்லை என்றால், தப்பே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, உங்களிடம் வரவில்லை என்றுதான் அர்த்தம். அடுத்து ஒருவர் அப்படி வரும்போது, "யார் செஞ்சது?" என்று தொடங்காமல், "சரி, எந்த இடத்துல சிக்குச்சு, வாங்க பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்து மேசைக்காரரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.