உழவு கேட்ட சோள வயல்

பட்டர்வொர்த்தில் அக்கா மகன் ஃபார்மிங் சிமுலேட்டர் 22 என்ற விவசாய வீடியோ கேம் ஆடுகிறான். "மாமா, உரம் போட்டாச்சு, சுண்ணாம்பு போட்டாச்சு, களையும் இல்லை. ஏன் விளைச்சல் குறையுது?" என்றான். வரைபடத்தில் மண் நிலையைத் திறந்தேன். வயல் முழுக்க உழவு தேவை என்று நிறம் காட்டியது. முந்தைய பயிர் மக்காச்சோளம்!

மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, சுகர் பீட் மூன்றும் ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் உழவு கேட்கும். கோதுமை அவ்வளவு கேட்காது. மேல்மண்ணை மட்டும் கிளறும் கல்டிவேட்டரை எத்தனை தடவை ஓட்டினாலும் அந்தக் கணக்கு தீராது. விளைச்சல் போனஸில் 15 சதவீதம் அதில்தான் போகிறது.

கலப்பைக்குப் பதில், அடிமண்ணை ஆழமாகக் கிளறும் சப்சாய்லர் மாட்டினோம். அதுவும் உழவாகவே சேரும். கற்கள் கிளம்பின, பொறுக்கிவிட்டு விதைத்தான். ஆட்டத்தின் அமைப்புகளில் உழவுத் தேவையை அணைத்தும் ஆடலாம்தான், எனக்கு அதில் உடன்பாடில்லை. மண்ணைக் கவனிப்பதுதானே இந்த ஆட்டத்தின் அழகு.