கைக்குழந்தை முகத்தில் ரத்தநாளக் கட்டி: ஸ்டீராய்டு சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறந்த சில வாரங்களில் குழந்தையின் உதட்டிலோ கன்னத்திலோ சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். "மச்சம்தான், தானா மறைஞ்சிடும்" என்பார்கள் வீட்டில். அது பாதிதான் உண்மை. ஹெமாஞ்சியோமா என்ற இந்தக் கட்டி பெரும்பாலும் சுருங்கிவிடும், ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்பே, 5 முதல் 8 வார வயதில், கிடுகிடுவென வளர்ந்துவிடும். இமையில் இருந்தால் பார்வையை மறைக்கும். உதட்டில் இருந்தால் புண்ணாகி, பால் உறிஞ்சும்போதே குழந்தை வீறிட்டு அழும். தாடையைச் சுற்றிப் பரவி, மூச்சிலும் கரகரப்பு கேட்டால் மூச்சுப்பாதையிலும் கட்டி இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். முகத்துக் கட்டியை ஒரு மாத வயதுக்குள் காட்டாமல் தள்ளிப்போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன்.

அடுத்த தவறு, ஸ்டீராய்டு மட்டும்தான் வழி என்று நினைப்பது. 1960களிலிருந்து அதுதான் முதன்மை மருந்தாக இருந்தது. 2008இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் ப்ரோப்ரனோலால் என்ற இதய மருந்து இந்தக் கட்டியைச் சுருக்குவதைக் கண்டு எழுதிய பிறகு நிலைமை மாறியது. இப்போது அதுதான் முதல் தேர்வு. அது ஒத்துவராத குழந்தைக்கே பெரும்பாலும் ஸ்டீராய்டு. எதற்காக ஸ்டீராய்டு என்று தயங்காமல் கேளுங்கள்.

சரி, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சிரப் எழுதிவிட்டார்கள். வழக்கமான அளவு, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 மி.கி.; காலையில், பால் குடித்ததும். இங்கேதான் மி.கி.யும் மி.லி.யும் குழம்பும். ஒரு பாட்டிலில் 5 மி.லி.க்கு 5 மி.கி. இருக்கும், இன்னொன்றில் அதே 5 மி.லி.க்கு 15 மி.கி. பாட்டில் மாறினால் லேபிளைப் படித்து, மருத்துவரிடம் கேட்டு, சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். வீட்டு ஸ்பூன் வேண்டாம்.

கட்டி வெளுத்துச் சுருங்கியதும், அல்லது மருந்தால் முகம் உப்பிவிட்டதே என்ற பயத்தில், மருந்தைச் சட்டென நிறுத்துவது ஆபத்து. வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்ததால், உடலுக்குள் இயற்கையாக ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் குழந்தை துவண்டுபோகலாம், கட்டியும் மறுபடி வளரலாம். மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். குடித்த மருந்தை வாந்தி எடுத்தாலும் காய்ச்சல் வந்தாலும் உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

தடுப்பூசிக்குப் போனால் ஸ்டீராய்டு கொடுப்பதை மறக்காமல் சொல்லுங்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து, தட்டம்மை ஊசி போன்ற, வலுவிழந்த உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பு மருந்துகளைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். அப்புறம், கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு க்ரீமை நீங்களாகத் தடவாதீர்கள், முக்கியமாகக் கண் பக்கத்தில்.