பழைய இணையப் பொத்தானைச் சட்டையில் தைத்து அணிவது எப்படி

1990களின் பிற்பகுதியில் இணையத்தில் சொந்தப் பக்கம் வைத்திருந்த பலர், அதன் அடியில் 88 புள்ளி (பிக்சல்) அகலமும் 31 புள்ளி உயரமும் உள்ள சிறு படப் பொத்தான்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அவற்றுள் பல நண்பர்களின் பக்கங்களுக்கு வழிகாட்டியவை: என் பொத்தானை நீங்கள் வைப்பீர்கள், உங்களுடையதை நான் வைப்பேன். அந்தப் பொத்தானைத் துணிக்குக் கொண்டுவர, X வடிவில் போடும் குறுக்குத் தையலே பொருத்தமானது, ஏனெனில் ஒரு புள்ளிக்கு ஒரு தையல் என்று கணக்கு நேராக அமைந்துவிடுகிறது.

முதலில் பழைய பொத்தான்களை நிதானமாகப் பாருங்கள். 2009 அக்டோபரில் மூடப்பட்ட ஜியோசிட்டீஸ் தளத்தில் பலர் அமைத்திருந்த சொந்தப் பக்கங்களின் பொத்தான்களையும் அசைபடங்களையும் 'கிஃப்சிட்டீஸ்' என்னும் தேடுதளத்தில் இன்றும் காணலாம்.

அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள சாம்பல் நிற ஐடா துணி, வெள்ளை, அடர்சாம்பல், நீலம், கத்தரிப்பூ நிறங்களில் எம்பிராய்டரி நூல், முனை மழுங்கிய 24ஆம் எண் ஊசி ஆகியவை போதும். அன்றைய நெட்ஸ்கேப் உலாவியில் பக்கத்தின் இயல்பான பின்னணி சாம்பல் நிறமே என்பதால், துணியையே பின்னணியாக விட்டுவிடலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தையல்கள் மிச்சமாகும். முடிந்த பொத்தான் ஏறத்தாழ 16 செ.மீ. அகலமும் 5.6 செ.மீ. உயரமும் இருக்கும். சட்டைப் பையின் மேல் வைக்க அது பெரிது என்றால் 18 கட்டத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள், அகலம் 12.4 செ.மீ. ஆகிவிடும்.

வடிவத்தைக் கட்டத்தாளில் வரையும்போது விளிம்பில்தான் கூடுதல் கவனம் வேண்டும். மேற்புறமும் இடப்புறமும் இரண்டு வரிசை வெள்ளை, கீழ்ப்புறமும் வலப்புறமும் இரண்டு வரிசை அடர்சாம்பல் என வைத்து, இரண்டு நிறமும் சந்திக்கும் மூலைகளைச் சாய்வாகப் பிரித்தால், அழுத்தக் காத்திருக்கும் பொத்தானைப்போல அது எழும்பித் தெரியும். உள்ளே 'வாங்க' என்று எழுதப் பரிந்துரைக்கிறேன். அதன் எழுத்துகள் எதுவும் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குவதில்லை, 'ங்' எழுத்தின் புள்ளிக்கு மட்டும் மேலே ஐந்து வரிசை விட்டால் போதும். எழுத்துகளை இணையப் பக்க இணைப்புகளின் நீலத்தில், கோட்டுக்கு இரண்டு தையல் தடிமனில் அமையுங்கள். வலப்பக்கத்தில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1982 செப்டம்பர் 19 அன்று கணினி அறிவியலாளர் ஸ்காட் ஃபால்மன், வேடிக்கையாகச் சொன்னதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முன்மொழிந்த :-) என்னும் சிரிப்புக் குறியை வையுங்கள். அதற்குக் கத்தரிப்பூ நிறம்: ஒருவர் போய்வந்த இணைப்பு அந்த நிறத்துக்குத்தான் மாறும்.

துணியின் நடுவிலிருந்து, 16ஆவது வரிசையில் தொடங்குங்கள். ஆறிழை நூலில் இரண்டு இழைகளைப் பிரித்தெடுத்து, முடிச்சுப் போடாமல், நுனியைப் பின்புறத் தையல்களுக்கு அடியில் செருகுங்கள். மேலே விழும் இழை எல்லாத் தையலிலும் ஒரே திசையில் சாய வேண்டும். ஒன்று மாறினாலும் ஒளி பட்டதும் அது தனியாகத் தெரிந்துவிடும். சுற்றிலும் அரை அங்குலம் விட்டு வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, சட்டையில் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். நீல நூலை ஈரமான வெள்ளைத் துணியில் முன்பே தேய்த்து, சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

முதல் பொத்தானை நண்பருக்குக் கொடுங்கள். அவர் தைத்துத் தருவதை நீங்கள் அணியுங்கள்.