டிஸ்ட்ரிபியூட்டட் டேட்டாபேஸுக்கு டெடிகேட்டட் சர்வரா, கிளவுடா?

ஒரே டேட்டாபேஸைப் பல சர்வர்களில் பரப்பி ஓட்ட, முழு மெஷினையும் நமக்கே வாடகைக்கு எடுக்கும் டெடிகேட்டட் சர்வரா, கிளவுடா என்று கேட்டால், பலரும் மாத வாடகையையும் சிபியூ கோர் எண்ணிக்கையையும் ஒரு ஷீட்டில் போட்டு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் டிஸ்க், அப்புறம் ஒரு நோடு (டேட்டாபேஸை ஓட்டும் சர்வர்களில் ஒன்று) செத்தால் என்ன ஆகும் என்பது.

எட்சிடி, காக்ரோச்டிபி மாதிரி ராஃப்ட் முறையில் (பெரும்பான்மை நோடுகள் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் செல்லும்) ஓடும் டேட்டாபேஸ்கள் ஒவ்வொரு ரைட்டையும் பெரும்பான்மை நோடுகளின் டிஸ்கில் நிஜமாகவே எழுதி முடித்த பிறகுதான் 'ஆச்சு' என்று பதில் சொல்லும். அதை உறுதிசெய்யும் எஃப்சிங்க் என்ற கட்டளை எவ்வளவு நேரம் பிடிக்கிறதோ, அதற்குக் கீழே உங்கள் ரைட் லேட்டன்சி (ஒரு ரைட்டுக்குப் பதில் வர ஆகும் நேரம்) இறங்காது. டெடிகேட்டட் சர்வரில் மின்சாரம் போனாலும் டேட்டாவைக் காப்பாற்றும் கெபாசிட்டர் உள்ள என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) இருந்தால் இது மைக்ரோசெகண்டில் முடிந்துவிடும். கிளவுடின் நெட்வொர்க் டிஸ்கில் பெரும்பாலும் ஒரு மில்லிசெகண்டை ஒட்டி வரும், அவ்வப்போது எகிறும். ஆனால் விலை குறைந்த டெடிகேட்டட் சர்வர்களில் வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டியை மாட்டித் தருவதும் உண்டு, அது நெட்வொர்க் டிஸ்கை விட மோசமாக இருக்கலாம். அதனால் எஸ்எஸ்டியின் மாடல் நம்பரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் ஐஓபிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை டிஸ்க் செயல்கள் என்ற எண்ணை) நம்ப வேண்டாம், நீங்களே டிஸ்க் வேகத்தை அளக்கும் எஃப்ஐஓ கருவியில் எஃப்டேட்டாசிங்க்கை 1 என்று வைத்து (ஒவ்வொரு ரைட்டுக்கும் எஃப்சிங்க் மாதிரி டிஸ்கில் எழுதவைக்கும்) ஓட்டி, சராசரியை விட்டுவிட்டு 99-வது பெர்சென்டைலை, அதாவது நூற்றில் 99 ரைட்டுகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்பதைப் பாருங்கள். எட்சிடிக்கு அது 10 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஓட்டினால் போதாது, சில கிளவுட் டிஸ்குகள் பர்ஸ்ட் கிரெடிட் (கொஞ்ச நேரம் கூடுதல் வேகத்தில் ஓடத் தரும் ஒதுக்கீடு) தீரும் வரை பறக்கும், தீர்ந்ததும் படுத்துவிடும். கிளவுட் மெஷினில் பக்கத்திலேயே விஎம்ஸ்டாட் என்ற லினக்ஸ் கருவியை ஓடவிட்டு அதில் எஸ்டி (st) என்ற நெடுவரிசையையும் கவனியுங்கள். அது பூஜ்யத்தை விட்டு ஏறிக்கொண்டே இருந்தால் உங்கள் சிபியூ நேரம் வேறு யாருக்கோ போகிறது.

கிளவுடிலும் லோக்கல் என்விஎம்இ கிடைக்கும், வேகமும் நன்றாகவே இருக்கும். மெஷினை ஸ்டாப் செய்தால் டேட்டா போய்விடும், அவ்வளவுதான். மற்ற நோடுகளில் ரெப்ளிகா (அதே டேட்டாவின் நகல்) இருக்கும்வரை அது பெரிய விஷயமில்லை, ஆனால் செலவைக் குறைக்கிறேன் என்று யாராவது ராத்திரி கிளஸ்டரையே, அதாவது எல்லா நோடுகளையும், மொத்தமாக நிறுத்தினால் கதை முடிந்தது.

அடுத்தது, எவையெல்லாம் சேர்ந்து சாகும் என்ற கேள்வி. மூன்று நோடு இருந்தால் ஒன்று போகலாம், ஐந்து இருந்தால் இரண்டு போகலாம் என்ற கணக்கு, அவை தனித்தனியாகச் சாகும்போதுதான் செல்லும். பெரிய கிளவுடுகளில் மூன்று ஸோன்களில் (ஒன்று விழுந்தாலும் மற்றது விழாதபடி பிரித்து வைத்த டேட்டாசென்டர்கள்) பிரித்துப் போட்டால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். டெடிகேட்டடில் ரேக், சுவிட்ச், மின் இணைப்பு எல்லாம் வேறுவேறா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 2021 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டாசென்டர் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த சிலருக்கு இரண்டும் சேர்ந்தே போயின.

செத்த நோடை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் இப்போதே கணக்குப் போடுங்கள். ஒரு நோடில் 4 டெராபைட் இருந்து, நெட்வொர்க் 1 ஜிகாபிட் என்றால், முழு வேகத்தில் போனாலும் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 10 ஜிகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்குள். மூன்று ரெப்ளிகா வைத்திருந்தால் அத்தனை நேரமும் இன்னொரு நோடை இழக்க முடியாது. கிளவுடில் புது மெஷின் சில நிமிடங்களில் வந்துவிடும், டெடிகேட்டடில் நாள் கணக்கு கூட ஆகலாம், எனவே ஒரு உபரி சர்வரை சும்மா ஓடவிட்டு அதன் வாடகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பணத்துக்கு வரலாம். கிளவுட் பில்லில் பலரும் மறப்பது ஸோன்களுக்கு இடையே போகும் டிராஃபிக்கை: மூன்று ஸோனில் மூன்று ரெப்ளிகா என்றால் ஒவ்வொரு ரைட்டும் இரண்டு முறை எல்லை தாண்டும், பல கிளவுடுகளில் அதற்குத் தனிக் கட்டணம். டெடிகேட்டடில் பிரைவேட் நெட்வொர்க் பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கிவிடும்.

என் கணிப்பு இது: லோடு மாதக்கணக்கில் ஒரே அளவில் இருக்கிறது, ரைட் அதிகம், ராத்திரி அலாரம் அடித்தால் எழுந்து பார்க்க ஆள் உண்டு என்றால் டெடிகேட்டட். லோடு எப்படிப் போகும் என்றே தெரியவில்லை அல்லது டீம் சின்னது என்றால் யோசிக்காமல் கிளவுட். இரண்டையும் கலந்து ஒரே குவோரத்தை (ரைட்டை ஒத்துக்கொள்ள வேண்டிய பெரும்பான்மை நோடுகளை) இரண்டு இடத்துக்கும் நீட்டுவதை மட்டும் நான் செய்ய மாட்டேன், தூரத்து நோடின் லேட்டன்சி எப்போது ரைட் பாதையில் வந்து உட்காரும் என்று சொல்ல முடியாது. டெடிகேட்டட் கிளஸ்டரின் பேக்கப்பைக் கிளவுடில் வைப்பது வேறு, அதைத் தாராளமாகச் செய்யலாம்.