சைக்கிளை விட்டு இறங்கியதும் இறுகிப்போகும் கால்

டுயத்லான் போட்டியில் முதலில் ஓட்டம், நடுவில் சைக்கிள், அப்புறம் மறுபடியும் ஓட்டம். ஸ்பிரின்ட் என்கிற குறுந்தூரப் பிரிவில் 5 கிமீ, 20 கிமீ, 2.5 கிமீ. அந்தக் கடைசி இரண்டரையில்தான் எனக்குச் சிக்கல். சைக்கிளை விட்டு இறங்கியதும் தொடை கல்லாகிவிடும். எட்டு வைக்கவே வராது.

இப்போது சரியாகிவிட்டது. செய்தது இதுதான்: ஏற்காடு அடிவாரத்தில் டீக்கடையில் ஓடுவதற்கான ஷூவை வைத்துவிட்டு, சைக்கிளில் மலைப்பாதையில் சில கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் ஏறித் திரும்புவேன். (20 வளைவும் ஏறுவது வேறு பயிற்சி, அதை இதோடு கலக்க வேண்டாம்.) இறக்கம் முழுக்க மிதிக்காமல் வருவதால் கால் ஆறி இறுகிவிடும். அதனால் கீழே வந்ததும் உடனே நிறுத்தாமல், கியரைக் குறைத்து, நிமிஷத்துக்கு 90 சுற்று வருகிற மாதிரி லேசாக மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் போய்த் திரும்புவேன். இதுதான் உண்மையில் காலைக் காப்பாற்றியது.

இறங்கியதும் ஷூ மாற்றி நேராக ஓட்டம். கயிற்றுக்குப் பதில் எலாஸ்டிக் லேஸ் போட்டிருப்பதால் முடிச்சுப் போடும் வேலையே இல்லை. ஆரம்பத்தில் சின்னச் சின்ன எட்டு, ஆனால் வேகமாக. கால் இளகியதும் எட்டு தானாக நீளும். 10 நிமிஷம் ஓடினால் போதும்.

வாரத்துக்கு ஒரு நாள் செய்யுங்கள். மறுநாள் கெண்டைக்காலுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.