மாநிலம் அனுமதித்த கஞ்சா, விசாவைப் பறிக்கும் கஞ்சா: அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு

டென்வரிலோ சியாட்டிலிலோ வேலைக்கு வந்து இறங்கும் நம் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கஞ்சாக் கடையைப் பார்த்துவிடுகிறார்கள். பெரிய போர்டு, வாசலில் வயது பார்க்க ஆள், வரி போட்ட ரசீது, அப்புறம் என்ன, சட்டப்படி சரிதானே என்று தோன்றுவது இயல்பு. மாநிலச் சட்டப்படி சரிதான். ஆனால் எஃப்-1 (மாணவர் விசா), எச்-1பி (வேலை விசா), கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு) என்று எதில் இருந்தாலும் உங்களை இங்கே தங்க அனுமதித்தது ஃபெடரல் அரசு, அதாவது நாட்டின் மத்திய அரசு. அந்த அரசின் சட்டப் புத்தகத்தில் கஞ்சா வைத்திருப்பது இன்றும் குற்றம். குடியுரிமை உள்ள நண்பருக்கு ஒன்றும் ஆகாத அதே கஞ்சா சேர்த்த ஜெல்லி மிட்டாய், உங்களை ஊருக்கு அனுப்பிவிடலாம். அதனால் எந்த இடத்தில் யாருடைய சட்டம் பேசும் என்று பார்க்கத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில் ஃபெடரல். 1970-ல் வந்த கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம்தான் அடிப்படை, கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து, மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தது அதுதான். 1996-லேயே கலிபோர்னியா மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது, ஆனால் மருத்துவர் பரிந்துரையோடு சொந்த வீட்டில் வளர்த்த செடியைக்கூட ஃபெடரல் அரசு தடுக்கலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு கடைகள் எப்படித் திறந்திருக்கின்றன? மாநில போலீஸை ஃபெடரல் சட்டத்துக்காக வேலை செய்யச் சொல்லி ஃபெடரல் அரசு கட்டாயப்படுத்த முடியாது, தன் சொந்த ஆட்களை அனுப்பி ஒவ்வொரு கடையையும் மூடவும் அது முனையவில்லை, அவ்வளவுதான். 2013-ல் நீதித்துறை 'மாநில விதிப்படி நடந்தால் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டோம்' என்கிற ரீதியில் ஒரு குறிப்பு வெளியிட்டது, 2018 ஜனவரியில் அதையும் திரும்பப் பெற்றுவிட்டார்கள். 2014 முதல் பட்ஜெட்டில் சேர்த்துவரும் ஒரு நிபந்தனை மருத்துவக் கஞ்சாவுக்கு மட்டும்தான் பாதுகாப்பு தருகிறது. கஞ்சாவைக் கடுமை குறைந்த மூன்றாம் பட்டியலுக்கு மாற்றும் பேச்சை நம்பியும் யாரும் துணிய வேண்டாம். மூன்றாம் பட்டியலில் இருப்பதும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான், குடிவரவுச் சட்டம் எந்தப் பட்டியல் என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

அடுத்து மாநிலம். இணையத்தில் பச்சை வண்ணம் அடித்த வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாநில அரசின் கஞ்சாத் துறைத் தளத்துக்கே போய் வயது, அளவு, வடிவம், இடம் என்று நான்கையும் தேடுங்கள். பொழுதுபோக்குக்கு அனுமதித்த எல்லா மாநிலத்திலும் வயது 21தான். அளவுதான் மாறும்: இல்லினாயில் அங்கே வசிப்பவர் 30 கிராம் பூ வைத்திருக்கலாம், வெளியூர்க்காரர் 15 கிராம் மட்டும். நியூயார்க்கில் 3 அவுன்ஸ் (ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம்). நியூஜெர்சியில் 6 அவுன்ஸ் வரை வைத்திருந்தால் குற்றமில்லை, ஆனால் பால்கனியில் ஒரே ஒரு செடி வளர்த்தால் குற்றம். வடிவம் ஏன் முக்கியம் என்றால் டெக்சாஸைப் பாருங்கள். அங்கே 2 அவுன்ஸ் வரையிலான இலை சிறிய குற்றம் (அதற்கே 180 நாள் வரை சிறை), ஆனால் வேப் பேனாவில் (ஆவியாக இழுக்கும் சிறு மின்கருவி) உள்ள கஞ்சா எண்ணெய் ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் பெரிய குற்றப் பிரிவில் போய்விடும். கொலராடோவுக்குச் சுற்றுலா போய்விட்டு காரில் டாலஸ் திரும்புகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

மாநிலத்தோடு நிறுத்தாமல் ஊர் விதியையும் பாருங்கள். 'முனிசிபல் கோட்' என்று ஊர் பெயரோடு தேடினால் கிடைக்கும். கொலராடோ 2012-லேயே வாக்களித்து அனுமதித்தும், கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரம் 2024 தேர்தல் வரை பொழுதுபோக்குக் கஞ்சாக் கடையை விடவில்லை. வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள், புகைக்கக் கூடாது என்று அதில் இருந்தால் அதுதான் பேசும்.

மாநிலத்துக்கு உள்ளேயே ஃபெடரல் இடங்கள் உண்டு. யோசெமிட்டி கலிபோர்னியாவில்தான் இருக்கிறது, ஆனால் அது தேசியப் பூங்கா. அங்கே பையில் கஞ்சா சிக்கினால் முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறையும் குறைந்தது 1,000 டாலர் அபராதமும் விதிக்கலாம் என்கிறது ஃபெடரல் சட்டம். தபாலில் அனுப்புவது, விமானத்தில் எடுத்துப் போவது, சியாட்டிலிலிருந்து வான்கூவருக்குக் காரில் கொண்டுபோவது எல்லாமே குற்றம். கனடாவில் 2018 முதல் அனுமதி உண்டு, நடுவில் இருக்கும் எல்லைக்குக் கிடையாது. கல்லூரி வளாகமும் இதே கணக்குதான், ஃபெடரல் நிதி வாங்குவதால் அனுமதித்த மாநிலங்களிலும் பல்கலைக்கழகங்கள் தடை வைத்திருக்கின்றன.

இனி விசாக்காரர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி. குடிவரவுச் சட்டத்தில் தண்டனை பெற்றால்தான் பிரச்சினை என்று இல்லை. போதைப்பொருள் குற்றத்தின் கூறுகளை (தெரிந்தே கஞ்சா வைத்திருந்தேன் என்பது போல) அதிகாரியிடம் நீங்களே ஒப்புக்கொண்டாலும் உள்ளே வரத் தகுதியற்றவர் ஆகலாம். கேள்வி பல இடங்களில் வரும்: விசாப் படிவம், சென்னைத் தூதரகத்தில் விசா முத்திரைக்கான (ஸ்டாம்பிங்) நேர்காணல், விமான நிலையத்தில் இறங்கும்போது, கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனை. "நீங்கள் இருப்பது கொலராடோவாமே, அங்கே எல்லாரும் எடுத்துக்கொள்வார்களே" என்று பேச்சுவாக்கில்கூடக் கேட்கலாம். பொய் சொல்லவே சொல்லாதீர்கள், மாட்டினால் அது தனியாக ஆயுள் முழுக்கத் தொடரும் தடை. ஏதாவது நடந்திருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே குடிவரவு வக்கீலைப் பாருங்கள். கடையில் எடுத்த செல்ஃபியைப் போட்டு வைப்பதும் நல்லதில்லை, எல்லையில் போனைத் திறந்து பார்க்க அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு.

கிரீன் கார்டு இருந்தால் கவலையில்லை என்பதும் தவறு. சொந்தப் பயன்பாட்டுக்காக 30 கிராமுக்கு மேற்படாத கஞ்சா, அதுவும் ஒரே ஒரு தடவை என்றால் நாடு கடத்துவதிலிருந்து சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் அந்த விலக்கு திரும்ப உள்ளே வருவதற்கு அப்படியே பொருந்தாது. அக்கா கல்யாணத்துக்கு மதுரை போய்விட்டுத் திரும்பும்போது அதே பழைய வழக்கு விமான நிலையத்தில் முளைக்கும்.

வேலையும் கவனம். கஞ்சா நிறுவனத்துக்கு டெலிவரி ஆப் எழுதுகிற வேலைக்கு நல்ல சம்பளம் கிடைக்கலாம். மாநில உரிமம் உள்ள நிறுவனமாக இருந்தாலும், கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பது குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தேவையான நன்னடத்தையைப் பாதிக்கலாம் என்று 2019 ஏப்ரலில் குடிவரவுத் துறை எழுதியே வைத்துவிட்டது.

ஒருவேளை போலீஸ் பிடித்துவிட்டால், கவுண்டி கோர்ட்டில் "குற்றத்தை ஒப்புக்கொள், வகுப்புக்குப் போ, ஆறு மாதத்தில் கேஸை மூடிவிடுகிறோம்" என்பார்கள். கேட்க நிம்மதியாக இருக்கும். மாநிலக் கணக்கில் வழக்கு மூடப்பட்டாலும், ஒப்புக்கொண்டு ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்திருந்தால் குடிவரவுச் சட்டம் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். ஹோசே பதியா என்கிற லாரி ஓட்டுநர் 40 ஆண்டுகளாகச் சட்டப்படி இங்கே வசித்தவர். கென்டக்கியில் கஞ்சா வழக்கில் சிக்கியபோது, இத்தனை வருடம் இருந்துவிட்டதால் கவலை வேண்டாம் என்று வக்கீல் சொன்னதை நம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டார், நாடு கடத்தும் நிலை வந்தது. அவர் வழக்கில்தான் 2010-ல் உச்ச நீதிமன்றம், நாடு கடத்தும் அபாயம் இருந்தால் வக்கீல் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எனவே எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன் "இது என் விசாவை என்ன செய்யும்?" என்று கேளுங்கள், கிரிமினல் வக்கீலுக்குத் தெரியாவிட்டால் குடிவரவு வக்கீலோடு பேசச் சொல்லுங்கள். வழக்கு முடிந்ததும் கோர்ட் குமாஸ்தாவிடம் முத்திரையிட்ட இறுதி உத்தரவின் நகல் இரண்டு மூன்று வாங்கிவிடுங்கள். பதிவை அழிக்கும் மனு போடுவதாக இருந்தால் அதற்கு முன்பே வாங்குங்கள், அழித்த பிறகு அந்தத் தாள் கிடைப்பது பெரும்பாடு, குடிவரவு அலுவலகம் அதைத்தான் கேட்கும்.