பெங்களூரிலிருந்து ராமேஸ்வரம்: ஒரே பகலில் 600 கிலோமீட்டர் ஓட்டத் திட்டமிடுவது எப்படி?

பெங்களூர் சில்க் போர்டிலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். மதுரை வரையான முதல் 430 கிலோமீட்டர் நாற்கரச் சாலை. வண்டி தானாகவே போவது போலிருக்கும். அந்த நாள் எப்படி முடியும் என்பதை முடிவு செய்வது மீதி 170 கிலோமீட்டர்தான். பரமக்குடி தாண்டியதும் சாலை இருவழியாகச் சுருங்கும். வெயில் உச்சியில் இருக்கும். ஓட்டுபவரின் கண் எட்டு மணி நேரமாகச் சாலையைப் பார்த்துக் களைத்திருக்கும். அதனால் கிளம்பும் நேரத்திலிருந்து கணக்குப் போடாதீர்கள். பாம்பன் பாலத்தை வெளிச்சத்தில் தாண்ட வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

அப்படிப் போட்டால் கிளம்பும் நேரம் காலை 4 மணி என்று வரும். சில்க் போர்டில் 4.00, ஓசூர் 4.40, கிருஷ்ணகிரி 5.30, தொப்பூர் 6.30, சேலம் 7.15, நாமக்கல் 8.00. அங்கே நாற்பது நிமிடம் காலை உணவு. கரூர் 9.15, திண்டுக்கல் 10.15, மதுரை கப்பலூர் 11.30, பரமக்குடி 1.00, ராமநாதபுரம் 2.00. முக்கால் மணி நேரம் சாப்பாடு. பாம்பன் 3.45. ஒரு பஞ்சரோ ஒரு மணி நேர நெரிசலோ வந்தாலும் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆறு மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரம்தானே தாமதம் என்று தோன்றும். ஆனால் எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி, ஓசூர் மூன்றிலும் காலை நெரிசல் தொடங்கிவிடுவதால் இன்னும் ஒரு மணி நேரம் போகும். ராமநாதபுரத்தைத் தாண்டும்போதே பொழுது சாய்ந்துவிடும்.

இது ஒருவழிக் கணக்கு. போன அன்றே திரும்புவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது நாட்காட்டியில் அமாவாசையைப் பாருங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்தில் தங்க இடமும் கிடைக்காது, வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய இரவுகளில் ஓசூர், கிருஷ்ணகிரி வழியே தெற்கே போகும் மொத்த பெங்களூர் கூட்டமும் சாலையில் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தனுஷ்கோடிச் சாலையை மூடிவிடுவார்கள்.

வண்டியில் பார்க்க வேண்டியவை

இதையெல்லாம் முந்தைய நாள் பார்த்துப் பயனில்லை. ஒரு வாரம் முன்பே பாருங்கள். குறை தெரிந்தால் சரிசெய்ய நாள் வேண்டும்.

முதலில் டயர். நீண்ட ஓட்டத்தில் டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் காற்று கூடுதலாக இருப்பதல்ல, குறைவாக இருப்பது. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். அதிலேயே சூடு ஏறும். மே மாதத் தார்ச்சாலையில் அந்தச் சூட்டுக்குப் போக வழியில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இரண்டு பேருக்கு ஓர் அளவு, முழுச் சுமைக்கு வேறு அளவு என்று அதில் போட்டிருப்பார்கள். ஐந்து பேரும் டிக்கி நிறையப் பைகளும் என்றால் இரண்டாவது அளவுதான். டயர் குளிர்ந்திருக்கும்போது, வீட்டிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் உள்ள பங்க்கில் காற்றடியுங்கள். இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு பார்த்தால் நான்கைந்து பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும், அது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் ஆபத்தை நீங்களே வரவழைப்பீர்கள்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன், அதாவது டயர் தரையைத் தொடும் பரப்பில் உள்ள கட்டைகள், நன்றாக இருந்தாலும் ஆறு வயதைத் தாண்டிய டயரோடு இந்தத் தூரம் போக வேண்டாம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே மாற்ற வேண்டும். ஸ்டெப்னியை மறந்துவிடுவது எல்லா வீட்டிலும் நடப்பது. அதிலும் காற்று பாருங்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பல புதிய வண்டிகளில் ஸ்டெப்னி சிறிய அளவு. அதன் மேலேயே வேக வரம்பு எழுதியிருக்கும், பெரும்பாலும் 80.

பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. மாற்றிய நினைவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். காரணம் கீழே தொப்பூர் இறக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது வரும். பிரேக் பேட் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் புதிது போடுங்கள். கூலன்ட் அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. வைப்பர் ரப்பரும் கண்ணாடி கழுவும் நீரும் மழைக்கு மட்டுமல்ல. விடியலில் பூச்சிகள் அடித்துக் கண்ணாடி மங்கிவிடும். கிழக்கே வெயில் ஏறும்போது எதிரே எதுவும் தெரியாது.

ஃபாஸ்டாக் பேலன்ஸை முந்தைய இரவே ஏற்றிவிடுங்கள். 2025 பிப்ரவரி முதல், டோல்கேட்டில் வரிசையில் நின்றுகொண்டு ரீசார்ஜ் செய்தால் டாக் உடனே உயிர்பெறும் என்று நம்ப முடியாது. முடங்கிய டாக் என்றால் கூடுதலாகக் கட்ட வேண்டும். 2025 நவம்பர் 15 முதல் யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. வழியில் அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி, தொப்பூர் அருகே பாளையம், ஓமலூர், ராசம்பாளையம், வேலஞ்செட்டியூர், கொடைரோடு, மதுரை ரிங் ரோடு, திருப்பாச்சேத்தி, போகலூர் என்று வரிசையாக வருகின்றன. வாடகைக் கார் என்றால் தமிழ்நாடு பெர்மிட் கட்டியாகிவிட்டதா என்று கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். எல்லையில் விடிகாலையில் கேட்டு வாங்குவது வீண் அலைச்சல். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் நான்கும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும்.

ஓசூரிலிருந்து மதுரை வரை

விடியும் முன்பான ஒன்றரை மணி நேரத்தில் பெரிய ஆபத்து, இடது ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி. இருட்டில் இடது தடத்தில் வேகமாகப் போகாதீர்கள். ஹெட்லைட் காட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே சரியான வேகம். இந்தப் பகுதியில் லாரிகள் வலது தடத்திலேயே நிதானமாகப் போகும். அதனால் இடப்பக்கமாக முந்தும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது. நின்றிருக்கும் லாரியில் போய் மோதுவதும் அப்படித்தான். ஹார்ன் அடித்து, லைட் போட்டுக் காட்டி, வழி விட்ட பிறகு வலப்பக்கமே முந்துங்கள்.

கிருஷ்ணகிரியில் சாலை பிரியும். சென்னைப் பலகையைப் பின்பற்றினால் வாணியம்பாடி பக்கம் போய்விடுவீர்கள். உங்களுக்கு வேண்டியது தருமபுரி, சேலம். அதுபோலச் சேலம் பைபாஸில் கொண்டலாம்பட்டியில் கோவைச் சாலையும் சீலநாயக்கன்பட்டியில் உளுந்தூர்பேட்டைச் சாலையும் பிரியும். இரண்டிலும் நாமக்கல் என்ற பெயரை மட்டும் தேடுங்கள்.

தருமபுரி தாண்டி அரை மணியில் தொப்பூர். தெற்கே போகிறவர்களுக்கு இது இறக்கம். இரட்டைப் பாலம் அருகே நடந்த விபத்துகளை நாளிதழ் படிப்பவர்கள் அறிவார்கள். இங்கே நடப்பது இதுதான்: டீசல் மிச்சம் பிடிக்க லாரியை நியூட்ரலில் விடுவார்கள், அல்லது இறக்கம் முழுக்கப் பிரேக்கை அழுத்தியபடியே வருவார்கள். டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காது. வளைவில் முன்னே போகும் வண்டிகள் மீது ஏறிவிடும். உங்கள் காரிலும் இதே விதிதான். பழைய பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கும். சூட்டில் அது கொதித்துக் குமிழியானால் பெடல் தரை வரை இறங்கும். ஆகவே இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாம் கியர் போட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் அல்லது ‘எல்’ நிலைக்கு மாற்றுங்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வேகம் ஏறினால் பிரேக்கைச் சற்று அழுத்தி, வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள். இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிக்கு நேர் முன்னே நீண்ட நேரம் போகாதீர்கள். ஒன்று நிதானமாகத் தாண்டுங்கள், அல்லது அதைப் போகவிட்டுப் பின்னால் வாருங்கள். படம் எடுக்க ஓரத்தில் நிறுத்துவது கூடவே கூடாது.

நாமக்கல்லில் இட்லி, தோசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாமக்கல் ஆச்சே என்று ஒரு முட்டை கேட்டால் தப்பில்லை. திண்டுக்கல் பிரியாணிக் கடைகள் திறக்கும் நேரத்தில்தான் அந்த ஊரைத் தாண்டுவீர்கள். ஓட்டுபவர் மட்டும் ஆசையை அடக்க வேண்டும். சீரகச் சம்பாவும் கறியும் வயிற்றில் இறங்கிய பிறகு பரமக்குடிச் சாலையில் கண் தானாக மூடும். பார்சல் வாங்கிக்கொள்ளலாம், மற்றவர்கள் வண்டியில் சாப்பிட்டால் வாசனையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே நேரான, ஒரே மாதிரியான சாலை. அலுப்பு முதலில் இங்கேதான் வரும். மீடியன் இடைவெளிகளில் டூவீலர்கள் திடீரென்று குறுக்கே வரும். ஊர்கள் அருகே எதிர்த்திசையிலும் வரும். க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டுக் காலை எங்கோ நீட்டிக்கொள்ளாதீர்கள்.

இரண்டு பேர் ஓட்டத் தெரிந்தவர்கள் என்றால் வழக்கமாக நன்றாக ஓட்டுபவர் காலையில் உட்காருவார், களைத்த பிறகு மற்றவரிடம் கொடுப்பார். இந்தப் பாதைக்கு அது தலைகீழ். கரூரிலிருந்து மதுரை வரை மற்றவர் ஓட்டட்டும். அனுபவம் கூடியவர் பின் இருக்கையில் தூங்கிவிட்டு, மதுரையில் ஸ்டீயரிங்கைப் பிடிக்கட்டும்.

மதுரையில் மேப் சில சமயம் நகருக்குள் இழுத்துவிடும். கோரிப்பாளையத்தில் மாட்டினால் முக்கால் மணி நேரம் போச்சு. மேப்பில் நேராக ராமேஸ்வரம் என்று போடாமல் இடையில் கப்பலூர், விரகனூர் என்று இரண்டு இடங்களைச் சேருங்கள். நான்குவழிச் சாலையிலேயே மேற்கே சுற்றிக் கப்பலூர் வந்து, ரிங் ரோட்டில் கிழக்கே திரும்பி, விரகனூரில் ராமநாதபுரம் சாலையைப் பிடிக்கலாம். கிலோமீட்டர் கூடும், நேரம் குறையும்.

கடைசி 170

பரமக்குடி வரை நாற்கரம். அதன் பிறகு ராமநாதபுரம் வரையான 46.7 கிலோமீட்டரை நாற்கரமாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை முடியும் வரை மணிக்குச் சராசரி 45 முதல் 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே வரும் பஸ் உங்கள் தடத்துக்கு வந்து முந்தும். அது வரும் என்று எதிர்பார்த்தே ஓட்ட வேண்டும். இருபுறமும் சீமைக் கருவேலம் சாலை வரை வந்து நிற்கும். அதற்குள்ளிருந்து ஓர் ஆடு ஓடினால் பின்னால் பத்து ஆடுகள் வரும். அறுவடைக் காலத்தில் ஓரத்தில் மிளகாய் காயப்போட்டிருப்பார்கள்; ஓரம் கட்டும்போது பார்த்துக் கட்டுங்கள்.

தூக்கம் அழுத்துவதும் இந்தப் பகுதியில்தான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. மூன்று நொடி கண் சொக்கினால் 66 மீட்டர். ஏசியைக் கூட்டுவது, பாட்டுச் சத்தத்தை ஏற்றுவது, முகம் கழுவுவது எல்லாம் பத்து நிமிடத்துக்குத்தான். கடந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லை என்று தோன்றினால், ஆள் நடமாட்டமுள்ள பங்க்கில் நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் தூங்குங்கள். எழும்போது காபி வேலை செய்யத் தொடங்கியிருக்கும். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டும் எல்லோர் கைபேசியிலும் இருக்கட்டும்.

ராமநாதபுரத்தில் மீன் சாப்பாடும் முழு டேங்க்கும். மீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்று இறங்கி நின்று பாருங்கள். அதற்கப்பால் பங்க்குகள் குறையும். தனுஷ்கோடியில் ஒன்றும் கிடையாது. மின்சார வண்டி என்றால் ராமநாதபுரத்துக்குள் நுழையும்போதே 60 சதவீதம் இருக்கும்படி மதுரையில் ஏற்றிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் நிறுவனம் சொல்லும் தூரத்தில் முக்கால் பங்கு வந்தாலே நல்லது.

1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் 2.3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம், அதன் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி எல்லாம் கண்ணில் படும். ஓட்டுபவர் பார்க்க வேண்டாம். பாலத்தின் மேல் நிறுத்தினால் நெரிசலும் போலீஸ் அபராதமும்தான். கூரையில் சுமை கட்டியிருந்தால் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள்.

அறைக்கு முன்பதிவு செய்யும்போதே பார்க்கிங் உண்டா என்று கேளுங்கள். கோயிலைச் சுற்றிய வீதிகளில் காரை விட இடம் கிடையாது. தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையை அன்று மாலையே பார்த்துவிடலாம் என்று ஓடாதீர்கள். மாலையில் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். களைத்த கண்ணோடு இருபது கிலோமீட்டர் போய் வெறுங்கையோடு வருவதில் அர்த்தமில்லை. மறுநாள் காலை எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று லாட்ஜில் கேட்டுக்கொண்டு, முதல் ஆட்களாகப் போங்கள். கடலில் காலை நனைப்பதோடு சரி. நீரோட்டம் பலமாக இருக்கும், நீந்தக் கூடாது. 2017இல் திறந்த அந்தத் தனுஷ்கோடிச் சாலையில் காற்றுக் காலத்தில் மணல் ஏறிக் கிடக்கும். மணல் மேட்டில் பிரேக் போட்டால் வழுக்கும். சாலையை விட்டு இறக்கினால் சக்கரம் புதையும். புதைந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் நான்கு டயரிலும் 18 பி.எஸ்.ஐ. வரை காற்றை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டி, கால் மிதியை விரித்து மெதுவாக வெளியே எடுங்கள். பிறகு காற்றை நிரப்பும் வரை 30க்கு மேல் ஓட்டாதீர்கள்.

ஊர் திரும்பிய மறுநாளே வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் அலசிக் கழுவச் சொல்லுங்கள். மேலே மட்டும் பளபளப்பாகக் கழுவித் தருவது சர்வீஸ் கடைகளின் வழக்கம். உப்பு தங்குவது சக்கர வளைவுக்குள்ளும் சைலன்ஸர் கிளாம்பிலும் பிரேக் பைப் இணைப்புகளிலும்தான். வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கழுவுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.